உரையும் ஓரக்குறிப்பும்

ஆங்கிலம் கற்கும் எம் பிள்ளைகள் அடிக்கடி எதிர்கொள்ளும் சொற்களுள் 'கொமென்ரறி' என்பதும் ஒன்று. துடுப்பாட்டம் நடைபெறுகையில் வானொலியில் ஒருவர் இடையறாது பேசுவாரே, அது கொமென்ரறி. விவிலியத்திற்கு அறிஞர் எழுதும் விரிவான விளக்கமும் கொமென்ரறி. இந்நாட்டு யேர்மன் மொழி நாளேடுகளில் பத்திரிகையாளர் தமது கருத்தை வெளியிடும் பத்தியும் அதே சொல்லின் யேர்மன் வடிவமாகிய 'கொமென்ரார்' என்னும் தலைப்பையே தாங்கி வருகிறது. தமிழில் நாம் முதலாவதை நேர்முக வர்ணனை என்போம். இரண்டாவதை உரை என்போம். மூன்றாவதைக் கருத்து என்று சொல்லி அமைவோம். ஒரே சொல்லுக்கு மூன்று வீடுகள் அமைந்தது எவ்வாறு என்று பார்த்தால், எமது தமிழ்ப் பள்ளிகளில் இன்று நிலவும் ஒரு வழக்குக்கும் அதில் விடை கிடைக்கிறது என்பதே நாம் இங்கு கூற விழைவது.

இச்சொல்லின் தாய் இலத்தீன். அம்மொழியில் 'கொம்மெந்தாரியுஸ்' என்றால் குறிப்பேடு. மறவாதிருப்பதற்காக ஒருவர் தமக்கென எழுதி வைத்துக்கொள்வது. அதன் அடியில் உள்ள வேர், மனம் என்று பொருள்படும் 'மென்ஸ்' என்னும் சொல்லோடு உறவுடையது. எம் மொழியில் வழங்கும் 'மனம்' என்ற சொல்லின் வடமொழி மூலமாகிய 'மனஸ்' என்பதும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே கொமென்ரறி என்பது முதலில் ஒன்றை மனத்துள் எண்ணிப் பார்த்தலையும் பின்னர் அந்த எண்ணத்தின் குறிப்பையும் சுட்டி, நாளடைவில் பிறர் நூலுக்கு எழுதும் விளக்கத்தைக் குறிக்கலாயிற்று. இதே குடும்பத்தில் பிறந்த 'கொம்மெந்தும்' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் புனைவு, இட்டுக்கட்டிய பொய் என்ற பொருளும் உண்டு. உரை எழுதுவோர் சிலரின் போக்கை உரோமர் அன்றே அறிந்திருந்தனர் போலும்!

இப்பெயரைத் தாங்கிய நூல்களுள் மிகப் புகழ்பெற்றது யூலியஸ் சீசர் தமது கால் நாட்டுப் போர்களைப் பற்றி எழுதிய குறிப்புகளாகும். அதன் முதல் நூல் கி.மு. 58ஆம் ஆண்டில் இம்மண்ணில் வாழ்ந்த ஹெல்வெத்தியரைப் பற்றியது. அவர்களின் பெயரையே இன்றும் இந்நாட்டு நாணயங்களிலும் அஞ்சல் முத்திரைகளிலும் காண்கிறோம். திரும்பி வரும் எண்ணம் எவருக்கும் எழாதிருக்கத் தம் ஊர்களைத் தாமே எரித்துவிட்டுப் புறப்பட்டார்கள் என்றும், போரில் தோற்று மீண்டும் அதே ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்றும் சீசர் எழுதுகிறார். ஊரை விட்டு வந்தவர்களாகிய எமக்கு இப்பகுதியைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை. அது நிற்க.

விளக்கக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் 'குளோஸ்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கர் நாக்கைக் 'குளோஸ்ஸா' என்றனர். பின் மொழியையும் அப்பெயராலேயே அழைத்தனர். அதன்பின் விளங்காத அயற்சொல்லுக்கும், இறுதியில் அவ்விளங்காச் சொல்லின் அருகில் எழுதும் பொருளுக்கும் அதுவே பெயராயிற்று. சுருங்கச் சொன்னால் ஒன்று மனத்தில் பிறந்தது. மற்றது நாவில் பிறந்தது.

தமிழின் சொல் உரை. உரைத்தல் என்றால் சொல்லுதல். எழுத்தையோ ஏட்டையோ அது நினைவூட்டவில்லை. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதையே நினைவூட்டுகிறது. இதற்கு வரலாறும் துணை நிற்கிறது. எமக்குக் கிடைத்துள்ள உரைகளுள் மிகப் பழமையானதாகிய இறையனார் அகப்பொருளுரை நக்கீரர் கண்டதென்றும், பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே கைமாறி முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்ததென்றும் அவ்வுரையே கூறுகிறது. தமிழில் தொடர்ச்சியான வசனத்தை நாம் முதன்முதலில் விரிவாகக் காண்பதும் அங்கேதான். அதனாலன்றோ வசனத்துக்கு 'உரைநடை' என்று பெயரிட்டோம்!

அவ்வுரையில் வரும் ஒரு கதையைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். பிள்ளைகளுக்குத்தான் நாம் சொல்வதில்லை. இறையனாரின் அறுபது சூத்திரங்களுக்கும் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை செய்தனர். எவ்வுரை மெய்யுரை என்று தீர்மானிக்க ஒரு நடுவர் வேண்டும். பெரும் புலவர் எவரும் அவ்வாசனத்தில் அமரவில்லை. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன், அதுவும் வாய் பேசாதவன், அங்கே இருத்தப்பட்டான். ஒவ்வொருவரும் தம் உரையைச் சொல்லச் சொல்ல அவன் வாளா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் உரைத்தபோது சிலசில இடங்களில் அவன் கண்ணில் நீர் வார்ந்தது, மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரர் உரைத்தபோது பதந்தோறும் அவ்வாறு நிகழ்ந்தது. அதுவே மெய்யுரை என்று அனைவரும் ஏற்றனர். கதையில் தெய்வீகம் கலந்துள்ளது; அதை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் உரையின் தரத்தைக் கேட்கும் குழந்தையின் முகத்தில் காண வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழர் எண்ணினாரே, அவ்வெண்ணம் எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனி இந்நாட்டுக்கு வருவோம். சூரிச்சிலிருந்து புகையிரதத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்காலன் நகரை அடையலாம். 612ஆம் ஆண்டளவில் காலுஸ் என்னும் துறவி குடிலமைத்த இடத்தில், 719இல் ஒத்மார் என்பவர் மடாலயத்தை நிறுவினார். அதன் நூலகம் இன்றும் இருக்கிறது. 1983 முதல் அம்மடாலயம் உலக மரபுரிமைச் சின்னமாக விளங்குகிறது. எம்மவர் பலர் அங்கு சுற்றுலா சென்று, தரை தேயாதிருக்கத் தரப்படும் மெத்தென்ற காலணிகளை அணிந்து, மண்டபத்தின் அழகை வியந்து திரும்பியிருப்பர். அங்குள்ள ஏடுகளில் சில, எம் பிள்ளைகளின் தமிழ்ப் பாடநூலைப் போலவே காட்சி தருவன என்பதை அறிந்தோர் குறைவு.

அவற்றுள் 904 என்ற இலக்கமிட்ட ஏட்டைப் பாருங்கள். அது பிறிஷியன் எழுதிய இலத்தீன் இலக்கண நூலின் படி. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரிஷ் துறவிகள் எழுதியது. இலத்தீன் அவர்களுக்கு வீட்டு மொழி அன்று; படித்துப் பெற வேண்டிய மொழி. ஆதலால் வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் 9,000க்கு மேற்பட்ட சிறு குறிப்புகளை எழுதி வைத்தனர். அவற்றுள் 3,000க்கு மேற்பட்டவை தம் தாய்மொழியாகிய பழைய ஐரிஷில் உள்ளன. இச்சொல் எவ்வேற்றுமை, இது எச்சொல்லோடு முடியும், இதற்கு எம் மொழியில் என்ன பொருள் என்பனவே பெரும்பாலும். இடையிடையே மை நன்றாயில்லை, குளிர்கிறது என்ற முறைப்பாடுகளும் வருகின்றன. ஒருவர் முந்திய இரவின் குடிமயக்கத்தைக்கூட ஓரத்தில் பதிந்துள்ளார். அக்குறிப்பை மட்டும் எம் பிள்ளைகளுக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறிப்புகளை எழுதியோர் எதிர்காலத்துக்காக எழுதவில்லை. பாடம் விளங்குவதற்காக எழுதினர். ஆனால் பத்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர் யோகான் காஸ்பர் சொய்ஸ் என்ற யேர்மனிய அறிஞர், இந்த ஏட்டிலும் வேறு சில ஏடுகளிலும் உள்ள குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டே பழைய ஐரிஷ் மொழியின் இலக்கணத்தை மீட்டெடுத்து, 1853இல் கெல்ற்றிய மொழிகளின் இலக்கணத்தை வெளியிட்டார். பிறிஷியனின் நூலுக்கு எத்தனையோ படிகள் உலகில் உள. அந்த ஓரக்குறிப்புகளுக்கு இது ஒன்றே.

யேர்மன் மொழியின் கதையும் அத்தகையதே. அம்மொழியின் மிகப் பழைய நூல் என்று போற்றப்படும் 'அப்றோகான்ஸ்' அதே நூலகத்தில் 911ஆம் இலக்கத்தில் இருக்கிறது. அது காவியமன்று, வேதமன்று. இலத்தீன் சொற்களுக்கு யேர்மன் பொருள் எழுதிய வெறும் சொற்பட்டியல். 8ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதன் முதற்சொல்லுக்குக் காட்டப்பட்டுள்ள பொருள் 'பணிவுள்ள' என்பது. இன்று உலகமெல்லாம் ஆராயும் ஒரு பெருமொழியின் எழுத்து வாழ்க்கை, பள்ளிப் பிள்ளையின் சொற்பொருட் கொப்பி போன்ற ஒன்றில்தான் தொடங்கியிருக்கிறது.

எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் அம்மடாலயப் பள்ளியின் ஆசிரியர் மூன்றாம் நொற்கர். ஏறத்தாழ 950இல் பிறந்து 1022இல் கொள்ளை நோயால் மறைந்தவர். உதடு தடித்திருந்தமையால் 'லாபெயோ' என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். தம் மாணவர் இலத்தீன் நூல்களைக் கசடறக் கற்கும் பொருட்டு அவற்றை யேர்மன் மொழியில் பெயர்த்து உரை வகுத்தார். இலத்தீன் வாக்கியத்தை எழுதுவார். அடுத்து யேர்மனில் விளக்குவார். விளக்கத்தின் நடுவே இலத்தீன் சொற்கள் தாமாக வந்து கலக்கும். எம் வைணவ ஆசாரியர்கள் வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடையில் திவ்வியப் பிரபந்தத்துக்கு வியாக்கியானம் செய்தமையை இது நினைவூட்டுகிறது. எம் பிள்ளைகள் விடுமுறை நாளில் பாட்டியிடம் தொலைபேசியில் பேசும் நடையையும் நினைவூட்டாமல் இல்லை.

சித்தன் நகரின் ஆயர் ஹூகோவுக்கு நொற்கர் எழுதிய மடலொன்று எஞ்சியுள்ளது. இதுவரை எவரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்துள்ளேன் என்றும், முதலில் தங்களுக்கு இது அருவருப்பாகத் தோன்றலாம் என்றும், அயல்மொழியில் அரிதாகவே விளங்குவது தாய்மொழியில் விரைந்து விளங்கும் என்றும் அதில் அவர் தெரிவிக்கிறார். படிகள் வேண்டுமாயின் எழுதுவதற்குரிய தோலையும் எழுதுவோர்க்குரிய கூலியையும் அனுப்பி வையுங்கள் என்றும் கேட்கிறார். ஆசிரியர்களின் நிலை அன்றும் அதுவே!

இனி எமது வகுப்பறை. சில தமிழ்ப் பள்ளிகளில், பாடநூலில் தமிழ்ச் சொல்லின் மேல் யேர்மன் பொருளைப் பென்சிலால் எழுதுவது பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. அழிறப்பரைக் கையிற் கொடுத்து அழிக்கச் செய்யும் வழக்கமும் உண்டு. பிரெஞ்சு பேசும் மாநிலங்களில் பிரெஞ்சுக்கும், தெசின் மாநிலத்தில் இத்தாலியனுக்கும் இதே கதி. இதற்குக் கூறப்படும் நியாயம் அற்பமானதன்று. வாரத்தில் கிடைப்பதோ சில மணி நேரம். அந்நேரத்திலேனும் பிள்ளை தமிழிலேயே எண்ணட்டும். ஊன்றுகோலைக் கொடுத்தால் கால் வலுப்பெறாது என்கின்றனர். தம் பிள்ளைகளிடம் தமிழ் நிலைக்க வேண்டுமென்று ஓய்வு நாளைத் துறந்து வருவோரின் கூற்று அது. அதை எள்ளி ஒதுக்க மாட்டோம்.

ஆயினும் நாம் அதனை ஏற்கவில்லை. பிள்ளை எழுதாவிட்டாலும் மனத்துள் பெயர்த்துக்கொண்டேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் குறிப்பைத் திருத்தலாம். மனத்துள் மறைந்த குறிப்பை யார் திருத்துவது? 'நாணம்' என்பதற்கு வெறும் கூச்சம் என்று யேர்மனில் எழுதி வைத்த பிள்ளையிடம், பழிக்கு அஞ்சும் பண்பும் அச்சொல்லில் அடங்கும் என்று விளக்க ஆசிரியருக்கு அங்கே வாய்ப்புக் கிடைக்கிறது. அழித்துவிட்டால் பிழை உள்ளேயே தங்கிவிடும்.

வேறொன்றும் உண்டு. 'விருந்தோம்பல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பிள்ளை அதன் மேல் 'காஸ்ற்பிறொயின்ட்லிக்கைற்' என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நீளமான சொல் இரண்டு வரிகளுக்கிடையில் எப்படி அடங்கும் என்பது வேறு கதை. அந்த யேர்மன் சொல்லில் விருந்தினரும் இருக்கிறார், நண்பரும் இருக்கிறார். தமிழ்ச் சொல்லில் நண்பர் எங்கே என்று பிள்ளை தேடும். அங்கே நண்பர் இல்லை, ஓம்புதல் இருக்கிறது. ஓம்புதல் என்றால் பேணுதல், காத்தல். விருந்து என்ற சொல்லோ பழந்தமிழில் புதுமை என்று பொருள்பட்டு, பின்னர் புதிதாய் வந்தவரைக் குறித்தது. அறிமுகமே இல்லாத புதியவரைப் பேணுதல் என்பது நண்பராய் நடத்துதலினும் வேறான ஒரு கருத்து. இரு மொழிச் சொற்களும் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதப்பட்டமையால் எழுந்த பாடம் இது. ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்கு இப்பாடம் எளிதில் கிட்டாது. எம் பிள்ளைகளின் இருமொழி நிலையைக் குறையென்று சொல்லிச் சொல்லியே இதனை இழந்து வருகிறோம்.

அரும்பதத்துக்குப் பொருள் எழுதுதல் எம் முன்னோரும் செய்ததே. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் பேருரை செய்வதற்கு முன்னரே, ஒருவர் கடினமான சொற்களுக்கு மட்டும் சுருக்கமாகப் பொருள் எழுதி வைத்தார். அவர் பெயர் எவருக்கும் தெரியாது. அரும்பதவுரையாசிரியர் என்றே அழைக்கிறோம். அடியார்க்குநல்லாரின் உரை நூல் முழுமைக்கும் கிடைக்கவில்லை. அது நின்றுபோன இடங்களில் எம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் பெயரறியா அம்மனிதரே. 1892இல் உ.வே. சாமிநாதையர் இரண்டையும் சேர்த்தே பதிப்பித்தார். ஈழத்தை எடுத்தால், புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் தொல்காப்பியத்தின் பழைய உரைகளுக்கே விளக்கக் குறிப்புகள் எழுதினார். 1937 முதல் அவை சுன்னாகத்தில் அச்சேறின. உரைக்கும் உரை வேண்டியிருந்தது என்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆனால் பிள்ளையின் பென்சிற் குறிப்பு முதற்படி மட்டுமே. குளோஸ் நாவிலிருந்து வந்த சொல் என்றோம். எழுதிய குறிப்பு நாவுக்குத் திரும்ப வேண்டும். பொருளை யேர்மனில் அறிந்த பிள்ளை அதனைத் தன் சொந்தத் தமிழில், கொச்சையாயினும், சொல்லிக் காட்ட வேண்டும். அப்பொழுதுதான் அது உரை. எம் பள்ளிகளில் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது என்பது எம் எண்ணம். யேர்மன் குறிப்பில் அன்று.

ஆண்டு விழாக்களின் குறள் மனனப் போட்டிகளைக் கவனியுங்கள். பிள்ளை மேடையேறிக் குறளைச் சொல்கிறது. உடனே பொருளையும் சொல்கிறது. அப்பொருள் பெரும்பாலும் மு. வரதராசனார் 1949இல் வெளியிட்ட தெளிவுரையின் வாக்கியமே. எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கப்படுகிறது. மு.வ. எளிமையாக எழுதியதெல்லாம் மனனம் செய்வதற்காகவா? குறள் மனனமாயிற்று; உரையும் மனனமாயிற்று; விளங்கிக்கொள்ளுதல் என்ற ஒன்று இரண்டுக்கும் நடுவில் நழுவி விழுந்துவிட்டது. இடைநிறுத்தி, 'இதில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் பிள்ளை?' என்று நடுவர் கேட்டால் மேடையில் மௌனம் நிலவும். அது பிள்ளையின் குற்றமன்று. கேட்கமாட்டார்கள் என்று பிள்ளைக்கு நாமே பழக்கியுள்ளோம்.

உரையை மனனம் செய்வதில் வேறொரு தீங்கும் உண்டு. உரையும் நூலைப் போல் மாற்ற முடியாத ஒன்று என்ற எண்ணம் பிள்ளைக்கு விழுந்துவிடும். பரிமேலழகரைவிடப் பெரிய உரையாசிரியர் குறளுக்கு இல்லை என்பர். திருக்குறளுக்கு உரை கண்ட பதின்மருள் அவரே தலையாயவர் என்பதில் எமக்கும் ஐயமில்லை. அவரோ, நாம் மக்கட்பேறு என்று வழங்கும் 7ஆம் அதிகாரத்துக்குப் 'புதல்வரைப் பெறுதல்' என்று பெயர் கொண்டார். மக்கள் என்ற சொல் அங்கே பெண்பிள்ளைகளை நீக்கி நிற்கிறது என்றும் விளக்கம் கூறினார். வள்ளுவர் எழுதியது மக்கள் என்றே, நீக்கியது உரை. எம் தமிழ்ப் பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டுமா? மாறாக, இதனைச் சொல்லி, 'பரிமேலழகர் ஏன் இவ்வாறு கொண்டார்? நீ எவ்வாறு கொள்வாய்?' என்று கேட்பதே அப்பேராசிரியருக்கும் செய்யும் மரியாதை. வினாவும் விடையும் உரையின் உறுப்புகள் என்று நன்னூலே வகுத்துள்ளது. மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது, பாட்டின் சொற்களை இடம்மாற்றிப் பொருள் கொண்ட நச்சினார்க்கினியரை வெளிப்படையாகவே மறுத்தார். அதனால் நச்சினார்க்கினியர் சிறுமைப்படவில்லை.

இந்நாட்டு யேர்மன் மொழிப் பள்ளியில் எம் பிள்ளைகள் ஒரு கவிதையைப் படித்தால் அதனைத் தம் சொற்களில் விளக்கவும், அதனோடு முரண்படவும் பயிற்றப்படுகின்றனர். அதே பிள்ளை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குள் நுழைந்ததும் ஒப்புவிக்கும் பிள்ளையாகி விடுகிறது. ஐந்து நாள் ஒரு மொழியில் எண்ணவும், ஒரு நாள் மறு மொழியில் ஒப்புவிக்கவும் பழகும் பிள்ளை வளர்ந்தபின் எம்மொழியைத் தன் மொழி என்று கொள்ளும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் பள்ளியை விட்டு நின்றுவிடும் பதின்ம வயதினரைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் கவலைப்படுகிறோம். அவர்களுக்குத் தமிழில் சலிப்பில்லை. தமிழில் தாம் எண்ண இடமில்லாமையே சலிப்பு என்று எமக்குத் தோன்றுகிறது.

செய்யக்கூடியவை எளியவையே. பாடநூல் அச்சிடும்போது ஓரத்தை அகலமாக விடலாம்; பொருள் எழுதுவதற்கென்றே அது விடப்பட்டுள்ளது என்று முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லலாம். யேர்மனியரான கார்ல் கிறவுலின் குறட்பதிப்பு, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1865இல் வெளிவந்தபோது, செய்யுளோடு எளிய தமிழாக்கமும் இலத்தீன் மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் சொற்பட்டியலும் ஒரே நூலில் இடம்பெற்றன. தமிழைப் புதிதாய்க் கற்போருக்கு நூல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. மேல் வகுப்புப் பிள்ளைகள் தாம் எழுதிய குறிப்புகளைத் தொகுத்துக் கீழ் வகுப்புக்குக் கொடுக்கலாம். இம்மலரிலேயே ஆண்டுதோறும் இரண்டு பக்கம் அதற்கு ஒதுக்கலாம்.

குறட் போட்டியில் பத்துக் குறளுக்குப் பதிலாக மூன்று போதும். உச்சரிப்புக்கு அரைவாசிப் புள்ளிகள். எஞ்சிய அரைவாசியைப் பிள்ளை தன் சொந்தத் தமிழில் சொல்லும் பொருளுக்கு வழங்கலாம். இடையில் ஒரு யேர்மன் சொல் வந்துவிட்டால் புள்ளி குறைக்க வேண்டாம். நொற்கரை எண்ணிப் பொறுத்துக்கொள்வோம். நடுவர் மேசையில் ஆசிரியர்களோடு பாலர் வகுப்பிலிருந்து ஒருவரையும் அமர்த்திப் பார்க்கலாம். ஐந்து வயது போதும், உருத்திரசன்மனுக்கும் அவ்வளவே.